‘படிப்பு ஏறலை’ என்று சொல்வதற்கு முன்

மூன்றாம் வகுப்பு ‘சொல்வதை எழுதுதல்’ நோட்டு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஆசிரியர் ‘பட்டம்’ என்று சொன்னார். நோட்டில் ‘படம்’ இருக்கிறது. ‘பள்ளி’ என்றார், ‘பளி’ இருக்கிறது. ‘கோயில்’ ‘காயில்’ ஆகிவிட்டது, ‘தோட்டம்’ ‘தேடம்’ ஆகிவிட்டது. பக்கம் முழுக்கச் சிவப்பு மை. கீழே 2/10. அதற்கும் கீழே ‘கவனம் தேவை’. அடுத்த பக்கத்தில் இம்போசிஷன், தவறிய சொல் ஒவ்வொன்றும் பத்து முறை. அதையும் பிள்ளை எழுதியிருக்கிறது. ஆறாவது வரியில் ‘பட்டம்’ மறுபடி ‘படம்’ ஆகி, பத்தாவது வரி வரைக்கும் ‘படம்’தான்.

பெற்றோர் கூட்டத்தில் இந்த நோட்டு விரியும்போது அம்மாக்கள் சொல்வதை எல்லா ஆசிரியர்களும் கேட்டிருப்பார்கள். “வீட்ல நல்லாத்தான் பேசுறான் மிஸ். பார்த்த சினிமாவை சீன் விடாம சொல்றான். கணக்கை வாயால கேட்டா சட்டுனு பதில் வருது. படிப்புதான் ஏறலை.” அப்பாக்கள் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: “எல்லாம் விளையாட்டுப் புத்தி.” பிறகு டியூஷன் வைக்கப்படும், செல்போன் பிடுங்கப்படும், பல வீடுகளில் அடியும் விழும்.

அந்த நோட்டை இன்னொரு முறை, மார்க்கைப் பார்க்காமல் பார்த்தால் ஒன்று தெரியும். கவனமில்லாமல் எழுதுகிற பிள்ளையின் தவறுகள் பக்கம் முழுக்க இறைந்து கிடக்கும். இவை அப்படியில்லை. புள்ளி வைத்த எழுத்து விடுபடுகிறது. கொம்பும் காலும் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. தவறு குறிப்பிட்ட இடங்களில் மட்டும் குவிகிறது. ஒரு நோட்டை வைத்து எந்தப் பிள்ளைக்கும் டிஸ்லெக்ஸியா என்று முத்திரை குத்திவிட முடியாது. ஆனால் ‘கவனம் தேவை’ என்று எழுதிய பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்க அந்த ஒரு பக்கம் போதும்.

டிஸ்லெக்ஸியா என்பது அறிவுக் குறைவு இல்லை. பார்வைக் கோளாறும் இல்லை. எழுத்தை ஒலியாகவும் ஒலியை எழுத்தாகவும் மாற்றும் வேலை மட்டும் மூளையில் மெதுவாக, தடுக்கித் தடுக்கி நடக்கிறது. உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு நூற்றுக்கு 5 முதல் 10 பேர். 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு முதல் நான்கு பிள்ளைகள். அவர்கள் எந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கண்ணில் தொடங்கி ஒலியில் முடிந்த தேடல்

1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஒரு சிறுவனைப் பற்றிய குறிப்பை வெளியிட்டது. எழுதியவர் பிரிங்கிள் மார்கன் என்ற டாக்டர். சிறுவனின் பெயர் பெர்சி, வயது 14. ஏழு வயதிலிருந்து பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் படித்தும் அவனால் எளிய சொற்களைக்கூடப் படிக்க முடியவில்லை. தன் பெயரை எழுதும்போதே எழுத்துகளை மாற்றிப்போட்டான். அதே பையன் எண்களைத் தடங்கலின்றிப் படித்தான், பெருக்கல் கணக்குகளைச் சரியாகப் போட்டான். எல்லாவற்றையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார்.

அந்தக் காலத்தில் இதை ஆராய்ந்தவர்களில் பலர் கண் மருத்துவர்கள். கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் கண் மருத்துவர். டிஸ்லெக்ஸியா என்ற பெயரை 1887-ல் வைத்த ஸ்டுட்கார்ட்டின் ருடால்ஃப் பெர்லினும் கண் மருத்துவர்தான். படிக்க முடியாதவனை முதலில் கண் டாக்டரிடம்தானே அனுப்புவார்கள்? இன்றும் நம் ஊரில் அதுதான் நடக்கிறது. கண்ணைச் சோதித்துக்கொள்வதில் தப்பில்லை. அங்கேயே நின்றுவிடுவதுதான் தப்பு.

1970களில் அமெரிக்காவின் ஹஸ்கின்ஸ் ஆய்வுக்கூடத்தில் இசபெல் லிபர்மனும் அவருடைய சகாக்களும் குழந்தைகளிடம் ஒரு சொல்லைச் சொல்லி, அதில் எத்தனை துண்டுகள் இருக்கின்றன என்று மேசையில் தட்டிக் காட்டச் சொன்னார்கள். அசை அசையாகத் தட்டுவது சின்னக் குழந்தைகள் பலருக்கும் வந்தது. அதைவிடச் சிறிய தனி ஒலிகளாகத் தட்டுவது கடினமாக இருந்தது. சொல்லை இப்படிக் காதால் உடைக்கும் திறனுக்கும் படிக்கக் கற்பதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் உறுதிப்பட்டது. டிஸ்லெக்ஸியா உள்ள பெரும்பாலான குழந்தைகள் தடுக்கி விழும் இடமும் இதுதான். காது நன்றாகக் கேட்கிறது. கேட்ட சொல்லைத் துண்டு போடுவதுதான் வரவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதற்கென்றே ஒரு விளையாட்டு உண்டு: க-பாஷை. பெரியவர்களுக்குப் புரியக் கூடாது என்று ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ‘க’ சேர்த்துப் பேசுவார்கள். ‘வாடா’ என்பது ‘கவாகடா’ ஆகும். இதைச் சரளமாகப் பேசும் பிள்ளை, சொல்லை மனதுக்குள்ளேயே அசை அசையாக வெட்டிக்கொண்டிருக்கிறது. தெருவே க-பாஷையில் ரகசியம் பேசும்போது ஒரு பிள்ளை மட்டும் மூன்றாவது சொல்லில் சிக்கி, சிரித்து மழுப்பி, விளையாட்டிலிருந்து விலகிக்கொள்ளும். அதைக் கவனிக்கும் பாட்டிகள் எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் விஷயத்தைப் பிடித்துவிடுவார்கள். என்ன, இப்போது தெருவும் குறைந்துவிட்டது, பாட்டிகளும் வேறு வீட்டில் இருக்கிறார்கள்.

தமிழ் எழுத்தில் எங்கே இடறுகிறது?

டிஸ்லெக்ஸியா என்றதும் ஆங்கில ‘பி’யையும் ‘டி’யையும் இடவலமாக மாற்றி எழுதுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆறேழு வயது வரை எல்லாக் குழந்தைகளும் எழுத்துகளைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பி எழுதக்கூடும். அதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தமிழில் அப்படி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எழுத்துகளும் அரிது. அதைத் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர், தமிழ் நோட்டில் உள்ள உண்மையான அறிகுறியைத் தவறவிடுவார்கள்.

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. எண்ணிக்கை மலைப்பாக இருந்தாலும் அடிப்படைக் குறிகள் குறைவு. பெரும்பாலும் எழுதியபடி படிக்கலாம். ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழ் கருணையுள்ள எழுத்து. இருந்தும் அதற்கென்று சில மேடுபள்ளங்கள் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாய் முதலில் சொல்வது ‘க்’. கை முதலில் எழுதுவது கொம்பு. பிறகு ‘க’, பிறகு கால். ஒரே உயிரொலி, எழுத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. பழகிய நமக்கு இது கண்ணில் படுவதே இல்லை. ஒலியின் வரிசையையே பிடிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு வாயின் வரிசை ஒன்று, கையின் வரிசை வேறு என்றால் என்ன ஆகும்? நோட்டில் ‘கோயில்’ ‘காயில்’ ஆனது அப்படித்தான்.

‘படு’, ‘பட்டு’ இரண்டிலும் ‘ட’ ஒன்றுதான். ஒன்றில் மெலிந்தும் மற்றதில் வல்லென்றும் ஒலிக்கிறது. ‘ட்’ என்று புள்ளியோடு நிற்கும் எழுத்து தனி ஒலியாகக்கூடக் காதில் விழுவதில்லை. நாக்கு ஒரு கணம் நின்று போவது, அவ்வளவுதான். புள்ளி எழுத்து விடுபடுவதன் காரணம் இங்கே இருக்கிறது. உகர வரிசை இன்னொரு தொல்லை: கு, சு, டு, து, மு, ரு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வளைவு. பெரியார் 1935-ல் ‘குடிஅரசு’ இதழில் கொண்டுவந்த சீர்திருத்தத்தை 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய வடிவங்கள் போய், 13 எழுத்துகள் மற்ற எழுத்துகளோடு ஒழுங்குக்கு வந்தன. உகர ஊகாரம் அப்படியே நின்றுவிட்டது. அதையும் மாற்றவேண்டும் என்று இங்கே கொடி பிடிக்கவில்லை. ஒன்றாம் வகுப்பில் மற்ற வரிசைகளுக்குச் செலவிடும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு இதற்கு வேண்டும்.

கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக், இந்திய எழுத்துமுறையில் எழுத்துகளை முழுதாகக் கைவசப்படுத்த நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று காட்டினார். கன்னடத்தில் கூட்டெழுத்துகள் அதிகம், தமிழில் அந்தச் சுமை இல்லை. ஆனால் தமிழில் வேறு சுமை இருக்கிறது: வீட்டில் ‘வந்துட்டிருக்காங்க’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று படிக்கவேண்டும். ஒரே சொல்லில் 13 எழுத்து. எட்டாவது எழுத்துக்கு வரும்போது முதல் மூன்று மறந்திருக்கும். அதனால்தான் தமிழில் டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை பல நேரம் தப்பாகப் படிப்பதில்லை, மெதுவாகப் படிக்கிறது. எழுத்தெழுத்தாகக் கூட்டி, வரியின் முடிவுக்கு வரும்போது பொருளைத் தொலைத்துவிடுகிறது. ‘படிக்கிறான், ஆனா புரியலை’ என்ற புகார் அங்கிருந்து வருகிறது.

இத்தாலியப் பிள்ளைகளின் நிலையும் ஏறத்தாழ இதுதான். எழுதியபடியே ஒலிக்கும் மொழி என்பதால் அங்கே பலருடைய குறை வெளியே தெரிவதில்லை. டிஸ்லெக்ஸியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில வாசகர்களை ஒப்பிட்டு 2001-ல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, மூன்று மொழியினருக்கும் மூளையில் ஒரே பகுதிதான் மந்தமாக இயங்குகிறது என்று காட்டியது. அடிப்படை ஒன்று, மொழிக்கேற்ப வெளிப்பாடு மாறுகிறது. 1999-ல் பதிவான இன்னொரு கதை இதைவிட விசித்திரம். ஜப்பானில் வளர்ந்த, ஆங்கிலம் பேசும் பெற்றோரின் மகன். அவனுக்கு ஆங்கிலம் படிப்பதில் கடுமையான தடை. ஜப்பானிய மொழியைச் சிக்கலின்றிப் படித்தான்.

இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த கையோடு தமிழைக் கழற்றிவிடும் வீடுகள் இந்த ஒரு கதையையாவது கேட்கவேண்டும். பிள்ளை ஆங்கிலத்தில் தடுமாறுகிறது. பள்ளி, ‘வீட்டிலும் இங்கிலீஷிலேயே பேசுங்கள்’ என்கிறது. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஓரளவு எளிதாகக் கற்றுத்தரக்கூடிய தாய்மொழியை விட்டுவிட்டு, ஒரே எழுத்துக்கு நாலு ஒலி உள்ள மொழியை மட்டும் வைத்து மல்லுக்கட்டச் சொல்வது பெரும்பாலும் உதவுவதில்லை.

பரிசோதனையிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஆங்கிலக் கேள்வித்தாளை வைத்துத் தமிழ்ப் பிள்ளையைச் சோதித்தால், தெரிவது டிஸ்லெக்ஸியாவா, ஆங்கிலம் போதாமையா என்று பிரிக்க முடியாது. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-ல் இந்திய மொழிகளுக்கென்று ‘டாலி’ என்ற பரிசோதனைத் தொகுப்பை வெளியிட்டது. முதலில் வந்தவை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். எந்த மொழியில் பிள்ளை பேசி வளர்கிறதோ அந்த மொழியிலும் சோதித்தீர்களா என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கேளுங்கள்.

அடக்கமான பெண்ணின் கதை

பள்ளிகள் அனுப்பிவைக்கும் பட்டியலில் பையன்களே அதிகம். 1990-ல் அமெரிக்காவில் சாலி ஷேவிட்ஸ் குழு வெளியிட்ட ஆய்வில், பள்ளிகள் அடையாளம் காட்டியவர்களில் பையன்கள் மிக அதிகமாக இருந்தார்கள். ஆராய்ச்சியாளர்களே எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தபோது ஆண், பெண் வித்தியாசம் பெரிதாக இல்லை. பையன் படிக்க வராவிட்டால் பெஞ்சில் தாளம் போடுவான், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுவான். ஆசிரியரின் கண்ணில் படுவான். பெண் பிள்ளை அடுத்தவள் நோட்டைப் பார்த்து அழகான கையெழுத்தில் எழுதி, பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்து, ‘அடக்கமான பொண்ணு, கொஞ்சம் சுமாரா படிப்பா’ என்ற பெயரோடு எட்டாவது வரை வந்துவிடுவாள். நம் ஊரில் அதற்குப் பிறகு என்ன முடிவெடுக்கப்படும் என்பது தெரிந்ததுதானே.

புளியங்கொட்டையும் மணலும்

சென்னையில் ஒரு ரெமடியல் வகுப்பு. நான்காம் வகுப்புப் பையன், ஒன்பது வயது. மேசையில் புத்தகம் இல்லை. ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை. சிறப்பாசிரியர் ‘பல்’ என்கிறார். பையன் சொல்லிப் பார்த்து இரண்டு கொட்டை வைக்கிறான். “இப்ப ‘கல்’. எந்தக் கொட்டை மாறுச்சு?” முதல் கொட்டையை நகர்த்துகிறான். “‘கால்’?” பையன் யோசிக்கிறான். கொட்டை இரண்டுதான், ஆனால் முதல் ஒலி நீளுகிறது. ஒரு தீக்குச்சியை எடுத்து முதல் கொட்டைக்குப் பக்கத்தில் வைக்கிறான். அது துணைக்கால் இருக்கவேண்டிய இடம் என்று அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. “சரியா வச்சிட்டடா கண்ணா. இப்ப எழுத்தா எழுது.”

அடுத்தது கைதட்டல். ‘படு’ - இரண்டு தட்டு. ‘பட்டு’ - இரண்டு தட்டுக்கு நடுவில் கை ஒரு கணம் அந்தரத்தில் நிற்கவேண்டும். பையனுக்கு இது சட்டென்று வரவில்லை. ‘படு’வுக்கும் நிற்கிறான், ‘பட்டு’வுக்கு ஓடிவிடுகிறான். ஆசிரியர் அவசரப்படவில்லை. தட்டு, மொட்டு, கட்டு, பிறகு கல்லு, முள்ளு. கால் மணி நேரம் இதுவே. கை சரியாக நிற்கத் தொடங்கிய பிறகுதான் பென்சில் வருகிறது. நின்ற இடத்தில் புள்ளி வைத்த எழுத்து. அந்த வகுப்பில் அவன் எழுதியது ஒன்பதே சொல். எட்டு சரி. ஒரு வாரம் கழித்து அதே ஒன்பதோடுதான் வகுப்பு தொடங்கும். வேகம் பார்ப்பவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கும் வேலை.

மணலில் விரலால் எழுதியபடியே ஒலியை உரக்கச் சொல்வதும் இந்த வகுப்புகளில் உண்டு. கண், காது, கை மூன்றையும் ஒருசேரப் பழக்கும் இந்த வழியை 1930களில் அமெரிக்காவில் சாமுவேல் ஆர்ட்டன் என்ற நரம்பியல் மருத்துவரும் அன்னா கில்லிங்ஹாம் என்ற ஆசிரியரும் ஒழுங்குபடுத்தினார்கள். இன்று சென்னையில் இதை ‘வெளிநாட்டு மெத்தட்’ என்று கட்டணம் வாங்கிச் சொல்லித்தருபவர்கள் உண்டு. மணலில் எழுதுவது நமக்குப் புதிதில்லை. 1789 முதல் மதராஸ் எழும்பூரில் ராணுவ ஆண் அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். அதைத் தன் இல்லத்தில் புகுத்தி, 1797-ல் லண்டனில் அறிக்கையாக வெளியிட்டார். மணலில் எழுதுவதையும் உள்ளடக்கிய அவருடைய கற்பிக்கும் முறை, ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் பிரிட்டன் முழுவதும் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளில் அடியும் இருந்தது, அதை மறந்து பெருமை பேசவேண்டாம். எழுத்தைச் சொல்லிக்கொண்டே மணலில் எழுதவைத்த அந்த ஒரு பழக்கம் மட்டும் உருப்படியானது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. மணலும் களிமண்ணும் மாயம் செய்வதில்லை. ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையை ஆராய்ந்த 2021-ம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்று, பலன் இருப்பதாகத் தோன்றினாலும் புள்ளிவிவரப்படி உறுதியாகவில்லை என்றது. வலுவான ஆதாரம் உள்ளது வேறொன்றுக்கு: ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாக, நேரடியாகக் கற்பிப்பதற்கு. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ல் சொன்னதன் சாரம் அது. மணல் அதற்கு ஒரு துணை. கலர் கண்ணாடி, கண் பயிற்சி ஆகியவற்றுக்கோ ஆதாரமே இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009-ல் கூட்டாகவே அறிவித்துவிட்டன. மூன்று மாதத்தில் குணம் என்று யாராவது சொன்னால் பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இது குணமாகும் நோய் இல்லை. பழக்கத்தால் தாண்டக்கூடிய தடை.

ஐன்ஸ்டீன் கதை போதும்

தன்னம்பிக்கை என்ற தலைப்பில் இந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே தவறாமல் ஐன்ஸ்டீன் வருவார். அவருக்கு டிஸ்லெக்ஸியா இருந்ததற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் கிடையாது. இருந்தாலும்தான் என்ன? ‘தண்ணீர்த் தொட்டி’ என்று படிக்கத் திணறும் பத்து வயதுப் பிள்ளைக்கு சார்பியல் கோட்பாடு என்ன ஆறுதலைத் தரும்?

2007-ல் வந்த ‘தாரே ஜமீன் பர்’ படம் இந்தியா முழுவதும் டிஸ்லெக்ஸியாவைப் பேசவைத்தது. அந்தப் படத்துக்குப் பிறகுதான் பல வீடுகளில் அடி நின்றது. அந்தப் புண்ணியத்தை மறுக்க முடியாது. ஆனால் அது ஒரு தவறான எதிர்பார்ப்பையும் விதைத்தது. பையன் மகா ஓவியன் என்று தெரிந்ததும் எல்லாம் சரியாகிறது. அவனுக்கு எழுத்துக் கற்றுத்தரும் கஷ்டமான வேலையோ ஒரு பாட்டு நேரத்தில் ஓடி முடிந்துவிடுகிறது. (ஆமிர்கான் ரசிகர்கள் மன்னிக்கவேண்டும்.) ஓவியமும் வராத, பாட்டும் வராத, சாதாரணமான டிஸ்லெக்ஸியா பிள்ளைகளே அதிகம். ‘உனக்குள் ஒரு திறமை ஒளிந்திருக்கு’ என்று சொல்லிச் சொல்லி, அதையும் கண்டுபிடிக்க முடியாமல்போகும்போது இரண்டாவது முறையாகத் தோற்றதாக அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

இந்தப் பிள்ளைகள் தன்னம்பிக்கை இழப்பது படிக்க வராததால். அது திரும்புவதும் படிக்க வரும்போதுதான். புளியங்கொட்டைப் பையன் ஒன்பதில் எட்டு சரியாக எழுதிய அன்று ஆசிரியர் ‘சூப்பர், ஜீனியஸ்’ என்று சொல்லவில்லை. “போன வாரம் நாலு புள்ளி விட்ட, இன்னைக்கு ஒண்ணுதான்” என்றார். எதில் முன்னேறினோம் என்பது அவனுக்கு அப்போது எண்ணிக்கையாகத் தெரிந்தது.

வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ஸ்டனோவிச் 1986-ல் எழுதிய ஒரு கட்டுரையில், விவிலியத்தின் மத்தேயு நற்செய்தியின் பெயரால் ஒரு சுழற்சியை விவரித்தார். நன்றாகப் படிக்கும் பிள்ளை இன்னும் படிக்கிறது, சொல்வளம் பெருகுகிறது, படிப்பது இன்னும் எளிதாகிறது. தடுமாறும் பிள்ளை புத்தகத்தைத் தவிர்க்கிறது, சொல்வளம் தேங்குகிறது, அடுத்த வகுப்புப் புத்தகம் இன்னும் கடினமாகிறது. மூன்றாம் வகுப்பில் வாசிப்பில் மட்டும் இருந்த இடைவெளி ஏழாம் வகுப்பில் அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் பரவியிருக்கும். ஆகவே வாசிப்புப் பயிற்சி ஒரு பக்கம் நடக்கும்போதே, காதால் கேட்டுப் பாடம் தெரிந்துகொள்ளும் வழியையும் திறந்துவைக்கவேண்டும். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் க்யூஆர் குறியீடு அச்சிடப்படுகிறது; அதில் வரும் காணொளிகள் இந்தப் பிள்ளைகளைவிட யாருக்குத் தேவை? எழுத்தை வாசித்துக் காட்டும் செயலிகளும் உள்ளன. 1990களின் தொடக்கத்திலிருந்து சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷனும் அப்படி ஒரு வாசிப்புச் செயலியைக் கொண்டுவந்தது. அதைவிட முக்கியம், ஆசிரியர்களுக்கு அது அளித்துவரும் பயிற்சி. தியாகராய நகரில் அது நடத்தும் அனன்யா மையத்தில் பிள்ளைகள் சில காலம் முழுநேரமாகப் படித்துவிட்டு வழக்கமான பள்ளிக்கே திரும்புகிறார்கள்.

வகுப்பாசிரியர் காசு செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. முன்னறிவிப்பின்றி எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்வதை நிறுத்தலாம். எந்தப் பத்தி நாளை தன் முறைக்கு வரும் என்று முந்தின நாளே தெரிந்தால் பிள்ளை வீட்டில் நாலு தரம் படித்துவிட்டு வரும். மற்றப் பிள்ளைகள் சிரிக்க எதுவும் இருக்காது. சிவப்பு மையையும் கொஞ்சம் குறைக்கலாம். ஒரு பக்கத்தில் புள்ளித் தவறுகளை மட்டும் திருத்தினால் போதும், கொம்பை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

சான்றிதழும் சலுகையும்

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஏற்கப்பட்ட குறைபாடுகளின் எண்ணிக்கையை 21 ஆக்கியபோது டிஸ்லெக்ஸியாவை உள்ளடக்கிய ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ம் அதில் சேர்ந்தது. உயர்கல்வியில் குறைந்தது 5 சதவீதம், அரசு வேலையில் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு இடஒதுக்கீடு. அந்த 4-ல் ஒரு சதவீதத்தைக் கற்றல் குறைபாடு உள்ளவர்கள் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் உள்ளவர்களோடும் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களோடும் பகிர்ந்துகொள்ளவேண்டும். 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ எது முதலில் வருகிறதோ அப்போது ஆசிரியர்களே முதல்கட்டச் சோதனை செய்யவேண்டும் என்றது. சான்றிதழ் எட்டு வயதில். மறுபரிசோதனை 14 வயதிலும் 18 வயதிலும்.

பொதுத்தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், சொல்லச்சொல்ல எழுதித்தர ஆள், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு ஆகியவை கிடைக்கின்றன. கூடுதல் நேரம் நியாயம்; மெதுவாகப் படிப்பவருக்கு அது சலுகைகூட இல்லை. மொழிப்பாட விலக்கைப் பற்றி மட்டும் எனக்குச் சங்கடம் உண்டு. பத்தாம் வகுப்பில் மார்க் ஷீட்டைக் காப்பாற்ற அது தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து அதைப் பிடுங்கக் கூடாது. ஆனால் ஆறாம் வகுப்பிலேயே ‘எப்படியும் விலக்கு வாங்கிடலாம்’ என்று தமிழ் நோட்டை மூடிவைத்துவிடும் வீடுகளில், பேருந்துப் பலகையும் தாத்தாவின் கடிதமும் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளை வளர்கிறது. விலக்கு தேர்வுக்குத்தான், படிப்புக்கு இல்லை.

சலுகை பெறுவோரில் நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முன்னே நிற்பதும் கண்கூடு. பரிசோதனைக்கு அலையப் பணமும் நாளும் வேண்டும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர்தான் கதி, அவருக்கோ பல பள்ளிகள், பலவகைக் குறைபாடுகள். 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. டிஸ்லெக்ஸியாவுக்காக வந்த திட்டம் இல்லை இது. ஆனாலும் நல்ல பயிற்சிக்குப் பிறகும் அரும்பிலேயே நிற்கும் பிள்ளை யார் என்ற தகவல் ஒவ்வோர் ஆசிரியரின் கையிலும் இருக்கிறது. அந்தப் பட்டியலைச் சிறப்பாசிரியரிடம் கொண்டுசேர்த்தால் போதும். புதிதாக ஒரு கணக்கெடுப்பு தேவையில்லை.

பரிசோதனை அறையில் ‘உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது’ என்று கேட்பார்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்க ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மா இல்லை என்பார். ‘எல்லாம் விளையாட்டுப் புத்தி’ என்று சொன்ன அதே அப்பா சில நேரம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நானும் எட்டாவதோட நின்னவன்தாங்க. இன்னமும் பேப்பர் படிக்கணும்னா நேரமாகும்” என்பார். அப்படிச் சொல்லிவிட்ட அப்பாக்கள் பிறகு மகனை அடிப்பதில்லை என்று சிறப்பாசிரியர்கள் சொல்கிறார்கள்.

சான்றிதழுக்குத்தான் எட்டு வயது ஆகவேண்டும், உதவிக்கு ஆகவேண்டியதில்லை. ‘போகப் போகச் சரியாயிடும்’ என்று இரண்டு வருடம் போவது இந்த இடத்தில்தான். ஒன்றாம் வகுப்பில் முதல் பருவம் முடிந்தும் பிள்ளை பத்து எழுத்தைத் தாண்டவில்லை, வீட்டில் ஒருவருக்கு இதே கதை உண்டு என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கை விட்டுவிட்டு ஆசிரியரிடம் இதைக் கேளுங்கள்: எந்தெந்த எழுத்தில் நிற்கிறான், எழுத்தைப் பார்த்து ஒலி சொல்வதில் தடையா, ஒலியைக் கேட்டு எழுதுவதில் தடையா? பதிலை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். சிறப்பாசிரியர் முதலில் கேட்பது அதைத்தான்.